பக்கத்து வீட்டிலும் நின்றதோ?

இராசநாயகத்தாரின் மரண அறிவித்தலை என் கடை றேடியோவில்தான் கேட்டேன். பேரைச் சொன்ன குரல், கிரியை நேரத்துக்கு வந்த இடத்தில் தேய்ந்து இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிட்டது. சாமான் வாங்க நின்றவர்கள், "முறுக்கிப் பாருங்கோ முதலாளி" என்று அவசரப்பட்டார்கள். நான் குமிழைத் தொடவில்லை. குரல் தானாக ஏறி வந்தது. நேரத்தை மறுபடி வாசித்தார்கள். அப்படிக் கையை எடுத்துவிட்டு இருக்க என்னைப் பழக்கியவரே அவர்தான்.

கிளிநொச்சிப் பக்கம் அவர் கை படாத றேடியோ குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலையில் கம்பியில்லாத் தந்தி வேலை பார்த்தவர். நான் சந்தியில் புகையிலை விற்றுத் தொடங்கியவன். எனக்கு விற்கத் தெரியும்; பெட்டிக்குள் இருப்பது தெரியாது. அதனால் அவரைக் கடைக்குக் கூப்பிட்டேன். சம்பளத்துக்கு வந்தாரே தவிர, ஒரு நாளும் எனக்கு ஆமாம் போட்டவர் அல்லர்.

அவர் வந்த வருடம் கையிலிருந்த எல்லாவற்றையும் போட்டு பற்றரி றேடியோக்கள் இறக்கியிருந்தேன். அவை போகாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். நெல் அரிவு வெட்டு முடிந்த ஒரு மத்தியானம், வட்டக்கச்சியில் வேலுப்பிள்ளை அண்ணர் வீட்டு முற்றத்தில் ஊர்ச் சனத்தைக் கூட்டி, ஏரியல் கம்பியைப் பாலை மரத்தில் கட்டி, சிற்றலையில் கொழும்பைப் பிடித்தோம். பாட்டு கணீரென்று வந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் சத்தம் செத்துப்போனது. இரைச்சல்கூட இல்லை.

வேலுப்பிள்ளையரின் மனைவி பொன்னம்மா அக்காதான் முதலில் வாய் திறந்தார். "முதலாளி, உங்கட பெட்டிக்கும் சாப்பிட்டாப்போல நித்திரை வருமோ?"

சனம் சிரித்தது. "பழைய பற்றரியைத் தலையில கட்டப் பாக்கிறார்" என்று பின்னால் ஒரு குரல்.

"பொறுங்கோ. டோச் லைற் பற்றரி இறங்கினா வெயிலில வச்சு எடுக்கிறேல்லையோ?" என்று வேலுப்பிள்ளையர் எழும்பினார்.

"அண்ணை, அதில பிழை இல்லை" என்று இராசநாயகத்தார் சொன்னதை யாரும் கேட்கவில்லை. பற்றரியைக் கழற்றி ஓலைப்பாயில் காய வைத்தார்கள். அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பப் பூட்டினால், பாடுகிறது! கை தட்டினார்கள். அந்த இடத்திலேயே மூன்று பேர் விலை கேட்டு என்னிடம் வந்துவிட்டார்கள். எனக்குப் போன உயிர் வந்தது.

அப்போதுதான் இராசநாயகத்தார் எழுந்து நின்றார். "பற்றரி சுகப்படேல்லை. அதுக்கு நோய், வருத்தம் ஒண்டும் இல்லை. வருத்தம் வந்தது மேல, வானத்தில."

நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். "உமக்கென்ன விசரே? வாயை மூடும்!"

"இண்டைக்கு மூடலாம் முதலாளி. நாளைக்கு இந்தச் சனம் நல்ல பற்றரியை வெயிலில போட்டு உருக்கும். அப்ப ஆர் வாய் திறக்கிறது?"

பிறகு சனத்தைப் பார்த்து, "பக்கத்தில ஆரின்ர வீட்டில றேடியோ கிடக்கு?" என்றார். பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் வீட்டில் ஒன்று இருந்தது. ஒருவர் சைக்கிளில் போய் விசாரித்துக்கொண்டு வந்தார். "ஓம், அங்கையும் அதே நேரம் நிண்டதாம். வீட்டுக்காரர் பற்றரியைத் தொடவே இல்லையாம். இப்ப பாடுதாம்."

இராசநாயகத்தார் ஒரு கேள்வி கேட்டார். "காய்ஞ்ச வரம்பில பந்தை எறிஞ்சா?"

"எழும்பும்."

"உழுத சேத்தில எறிஞ்சா?"

"புதையும்."

"எங்கட பாட்டு மேல போய், அங்க ஒரு வரம்பில பட்டுத்தான் இஞ்ச விழுது. உயரத்தில காத்து மெல்லிசு. வெயில் அதை உடைச்சு மின்சாரம் ஏத்தி வைக்குது. அதுதான் வரம்பு. சூரியன் திடீரெண்டு கொதிச்சால், அந்த வரம்புக்குக் கீழயும் காத்து உடைஞ்சு தடிக்கும். அது சேறு. அலை அதுக்குள்ளயே புதைஞ்சு போகும். கொதிப்பு அடங்கத் தானா வரும்."

"அப்ப இன்னொரு நாளைக்கும் நிக்குமோ?" என்றார் பொன்னம்மா அக்கா.

"நிக்கும் அக்கா. எப்ப எண்டு தெரியாது. திருத்த என்னாலயும் ஏலாது."

நான் தலையில் கை வைத்தேன். விலை கேட்ட மூவரில் இருவர் நழுவிவிட்டார்கள். பொன்னம்மா அக்கா மட்டும் புருசனிடம், "இந்த மனிசனை நம்பலாம். முதலாளியைப் பற்றித் தெரியாது. பெட்டியை வாங்கி வையுங்கோ" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் நான் கோபத்தில் முன்னால் நடந்தேன். அவர் ஏரியல் கம்பியைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தார்.

சில மாதம் கழித்து, ஒரு பகலில் ஊர் றேடியோவெல்லாம் மறுபடி அப்படியே நின்றது. துவாய்த் துண்டில் சுற்றிய றேடியோக்கள் திருத்துவதற்காகச் சந்திக்கு வந்து இறங்கின. சில கடைகளில் பெட்டியைத் திறந்து, நல்ல வால்வைக் கழற்றி வேறு போட்டார்கள். எங்களிடம் வாங்கிய பெட்டி ஒன்றுகூட வரவில்லை. கேட்டால், "உங்கட ஆள் பொறுக்கச் சொன்னவரெல்லே" என்றார்கள். நழுவிய இருவரும் அந்தக் கிழமையே பெட்டி வாங்கக் கடைக்கு வந்தார்கள். என் கடையைக் காப்பாற்றியது அவருடைய வாய். நான் மூடச் சொன்ன அதே வாய்.

கடைக்கு மின்சாரம் வந்து முதல் குழல் விளக்கைப் போட்டபோது, வேலையை விட்டுவிட்டு வந்து அதன் கீழே நின்றார். "உதுக்குள்ள இருக்கிற உடைஞ்ச காத்தும் மேல இருக்கிறதும் ஒரே சாதி, முதலாளி. மின்னலும் அதுதான். அங்க வெடிக்குது, இஞ்ச அடக்கமா நிக்குது" என்றார். எனக்கு அது வெளிச்சம், அவ்வளவுதான். அவர் சொன்ன பிறகு விளக்கைப் போடும்போதெல்லாம் ஒருதரம் அண்ணாந்து பார்க்கிறேன்.

அவருடைய மீற்றரும் திருப்புளிகளும் அவர் பிள்ளைகளிடம் போகட்டும். எனக்கு அவருடைய கேள்வி போதும். எந்தப் பெட்டி வந்தாலும் திறக்கமுன் அவர் கேட்பது: "பக்கத்து வீட்டிலும் நிண்டதோ?"

கடையில் ஆள் குறைகிற நாளில் நானும் அதைத்தான் கேட்கிறேன். பக்கத்துக் கடையிலும் ஆள் இல்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு பொறுத்திருக்கிறேன். அங்கே ஆள் நின்றால், பிழை என் பெட்டிக்குள். அப்போது மட்டும் திறக்கிறேன்.