பூஜைக்கு வைக்காத புத்தகம்

நான்கு ஊர் வாசகசாலைகளுக்கும் ஒரே கால்நடை மாத இதழ்தான் வந்துகொண்டிருந்தது. நான்கிலும் கரையான் அரித்தது. ஒரு ஊரில் மிஞ்சியது இன்னொரு ஊரில் இல்லை. எழுபத்து மூன்றாம் வருஷம் நான்கு ஊர்க் கமிட்டிகளும் கூடி, நல்ல பிரதிகளைப் பொறுக்கி ஒரே இடத்தில் தைத்து வைப்பது, வேண்டியவர்கள் அங்கே வந்து பார்ப்பது என்று முடிவு செய்தன. மிச்சம் பொட்டலம் மடிக்கப் போயிற்று. வேலந்தாவளம் சந்தையைத் தாண்டி இருந்த வாசகசாலை அந்த இடமாயிற்று.

அதைத் திறந்து, கூட்டி, பூட்டுகிறவள் மருதாத்தாள். புருஷன் போன பிறகு கிடைத்த வேலை. தைத்த இதழ்கள் மூன்று தடித்த கட்டுகளாக இருந்தன. வெயிலில் காயவைப்பாள், வேப்பிலை மாற்றுவாள். சந்தை நாளில் மாட்டுக்காரர்கள் வந்து படிக்கச் சொல்வார்கள். தொண்டை வறண்டுவிடும். நன்றாகப் படிக்கிறாய் என்று யாரும் சொன்னதில்லை.

அடுத்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு எல்லாப் புத்தகங்களையும் அடுக்கிச் சந்தனம் வைத்தாள். விஜயதசமி காலை வரை எதையும் எடுக்கக்கூடாது, படிக்கக்கூடாது. மத்தியானம் பக்கத்து ஊர் நஞ்சப்பன் ஓடி வந்தான்.

"அக்கா, மாடு வகுறு உப்பிக் கெடக்குது. நனைஞ்ச கடலைக்கொடியத் தின்னுபோட்டுது."

"மிருகாஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"அங்கயும் பூஜை. பூட்டிக் கெடக்குது."

"நாளைக்குக் காலையில வாங்க. எடுத்துத் தாரேன்."

"நாளைக்கு வரைக்கும் பொறுத்துக்கன்னு நீங்களே வந்து மாட்டுகிட்டச் சொல்லுங்க."

மாட்டு வைத்தியம் இருந்த கட்டு அடியில் இருந்தது. மேலிருந்ததையெல்லாம் இறக்கி அதை உருவினாள். பக்கத்தைத் தேடிப் படித்தாள். முன்கால்களை மேட்டில் ஏற்றி நிறுத்த வேண்டும். வாயில் குறுக்கே குச்சி கட்ட வேண்டும். எண்ணெயை மெல்லப் புகட்ட வேண்டும். நஞ்சப்பன் முழுவதும் கேட்டுவிட்டு ஓடினான். வாசலில் கமிட்டித் தலைவர் காளிச்சாமி நின்றிருந்தார்.

"பூஜையில வெச்சதைப் பிரிச்சுப் படிச்சயா?"

"மாட்டுக்குங்க."

"மாடு படிக்கோணும்னு கேட்டுதா?"

மாடு பிழைத்தது. ஆனால் மருதாத்தாள் கமிட்டியில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்றார் தலைவர். அதே வாரம் மற்ற மூன்று ஊர்க்காரர்களும் வந்தார்கள். அவசரத்துக்கு எடுக்க முடியாத இடத்தில் எங்கள் இதழ்கள் எதற்கு, கட்டுகளைப் பிரித்து அவரவருடையதைக் கொடுங்கள் என்றார்கள். பிரித்தால் எந்த ஊரிலும் முழுசாக இருக்காது. பழைய பிரதிகள் பொட்டலமாகிக் குப்பைக்குப் போய்விட்டன.

கமிட்டி முன்னால் மருதாத்தாள், "தப்புத்தானுங்க" என்றாள். தப்பென்று அவளுக்குத் தோன்றவில்லை. சொல்லிவிட்டு, "மாட்டு இதழ்க் கட்டுகளை மட்டும் பூஜைக்கு வெக்காம வெளிய வெச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

"அப்ப அது புஸ்தகமில்லையா?" என்றார் தலைவர்.

"ஆயுதம்னு வெச்சுக்குங்க. மம்மட்டியாட்ட."

"மம்மட்டியும் அன்னிக்குப் பூஜையிலதாம்மா இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். சாவி அவளிடமே இருந்தது, அவள் கேட்டது மட்டும் நடக்கவில்லை. வெளியே காத்திருந்த மூன்று ஊர்க்காரர்களிடம், அடுத்த பூஜைக்கும் புத்தகம் கிடைக்கும், அதுவரை பிரிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

அடுத்த வருஷம் பூஜைக்கு முன்தினம் கட்டுகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். இடுப்பு கடுத்தது. சந்தை முக்கில் டீக்கடை வைத்திருந்த மத்தியாஸ் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். அவர் கடையில் எதையும் பூஜைக்கு வைப்பதில்லை.

"எங்க கடையில வெச்சா உங்க சாமி ஒண்ணுஞ் சொல்லாதா?"

"சாமி சொல்லாதுங்க. தலைவர்தான் சொல்லுவாரு."

மத்தியாஸ் பன் அலமாரிக்கு மேலே இடம் ஒதுக்கினார். மறுநாள் டீ குடிக்க வந்த காளிச்சாமி நிமிர்ந்து அலமாரி மேலிருந்த கட்டுகளைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மருதாத்தாளையும் பார்த்தார். சர்க்கரை குறைத்துப் போடச் சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

யாராவது வந்தால் படிக்க ஆள் வேண்டும். பூஜை முடியும் வரை அவள் அந்த பெஞ்சிலேயே இருந்தாள். ஒருவரும் வரவில்லை. விஜயதசமி காலையில் கட்டுகளைத் திரும்பத் தூக்கி வந்தாள். மூன்று ஊர்க்காரர்களும் பிரிக்கிற பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. அவளிடம் வேறொன்றும் சொல்லவுமில்லை.