மாப்பிள்ளைக்கு எந்த வட்டம்?

கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போன இடத்தில் என் தலையில் இடி விழுந்தது. இன்றைக்கு நினைத்தாலும் பகீரென்கிறது.

என் மகள் கொரியாவுக்குப் படிக்கப் போனவள். சியோலில் வேலை பார்த்தாள், அங்கேயே ஒரு பையனையும் பார்த்துக்கொண்டாள். வீட்டில் நடந்த சண்டையைச் சொல்லி மாளாது. கடைசியில் நான் தலையாட்டியதற்கு ஒரே காரணம்தான். பெரிய நகரம், லிஃப்ட் வைத்த வீடு, காலில் மண் படாத பிழைப்பு. சாணார்பட்டிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சின்ன வெங்காயம் பிடுங்கியே என் இளமை போனது. எந்த சோப்புக்கும் போகாத அந்த வாடை என் மகளுக்கு ஒட்டக் கூடாது என்று பிடிவாதம் பிடித்துத்தான் திண்டுக்கல்லுக்குக் குடிவந்தேன். பத்திரிகையில்கூட எங்கள் கிராமத்துப் பெயர் வேண்டாம், திண்டுக்கல் என்று மட்டும் இருக்கட்டும் என்று சொல்லியிருந்தேன்.

"மாப்பிள்ளைக்கு சியோல்னு போட்டாப் போதுமாண்ணே?" என்றார் அச்சகக்காரர்.

என் கணவர் விடுவாரா? எங்கள் பக்கம் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே ஊர், வட்டம், மாவட்டம் மூன்றும் இருந்தாக வேண்டும். "அது இல்லாம அடிச்சா, ஊரு பேரு தெரியாதவனுக்குப் பொண்ணக் குடுத்துட்டான்னு பங்காளிக பேசுவாய்ங்க," என்றவர், அங்கேயே நின்று மகளுக்கு வீடியோ கால் போட்டார். மகளும் பையனும் திரையில் வந்தார்கள். பையனோட ஊரைக் கேட்டதும் மகள் விளக்கினாள்.

"மாகாணத்துக்கு 'தோ'ன்னு பேருப்பா. இவரோடது தெற்கு ஜியோல்லா. அதுக்குள்ள 'குன்', நம்ம மாவட்டம்னு வச்சுக்கங்க. குன்னுக்குள்ள 'ம்யன்', வட்டம் மாதிரி. அதுக்கும் கீழ 'ரி'. அதான் கிராமம்."

என் கணவருக்கு வாயெல்லாம் பல். "அட, நம்மள மாதிரியேல்ல பிரிச்சு வச்சிருக்காய்ங்க! அந்த மாவட்டத்துல பெரிய டவுனு எதுத்தா? அதையும் சேத்துப் போட்ருவோம்."

"குன்னுக்குள்ள சிட்டியே வராதுப்பா. சிட்டின்னா அது தனி, குன்னு தனி. சின்னாளபட்டி அளவுக்கு ஒரு ஊரு இருக்கு, அம்புட்டுத்தான்."

அதுவரை சும்மா நின்ற எனக்குச் சந்தேகம் தட்டியது. கைப்பேசியைப் பிடுங்கினேன். "அது அவுக அப்பா அம்மா இருக்குற எடந்தானே? நீங்க சியோல்லதானே இருப்பீக?"

மகள் அந்தப் பையனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்லம்மா. கல்யாணம் முடிஞ்சதும் அங்கதான் போறோம். அவரோட அப்பாவுக்கு இனி முடியாது. தோட்டத்த இவருதான் பாக்கணும்."

"என்ன தோட்டம்?"

"வெங்காயம்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. அச்சகத்து மிஷின் ஓடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. அடிப்பாவி! கடல் தாண்டிப் போயும் வெங்காயமா?

"பள்ளிக்கூடமாச்சும் இருக்கா அங்க?"

"இருந்துச்சும்மா. அந்த ம்யன்ல புள்ளைகளே இல்லைன்னு மூடிட்டாங்க. எல்லாம் வயசானவங்க."

"நாளைக்கு ஒனக்கு ஒண்ணு பொறந்தா அது எங்கடி படிக்கும்? இதுக்காடி ஒன்ன மண்ணு படாம வளத்தேன்?" கத்திவிட்டேன். பத்திரிகை மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். இவர் என் முழங்கையைப் பிடித்தார், உதறிவிட்டேன்.

மகள் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அம்மா, அவரோட அப்பா என்னைய வேணாம்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. வெளிநாட்டுப் பொண்ணு, சியோல்ல இருக்குறவ, ஒரு வருசம் தாங்க மாட்டான்னாரு. மொதத் தடவ போனப்ப, நீ எந்த ரின்னு கேட்டாரு. திண்டுக்கல்லுன்னு சொல்லல. நம்ம ஊரு பேரச் சொன்னேன். எங்கம்மா வெங்காயக் காட்டுல வேல பாத்தவங்கன்னேன். அதுக்கப்புறந்தான் உள்ள கூப்புட்டுச் சோறு போட்டாரு."

நான் எதை மூடி மூடி வைத்தேனோ, அதைச் சொல்லித்தான் அவள் அந்த வீட்டுக்குள் நுழைந்திருக்கிறாள். கைப்பேசியை இவர் கையில் திணித்தேன்.

இவர் குன்னும் ம்யன்னும் ரியும் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சொல்ல, அச்சகக்காரர் தட்டச்சு செய்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "யக்கா, பொண்ணு வீட்டுக்குத் திண்டுக்கல் மட்டும் போதும்னீங்களே, அப்படியே விட்றவா?"

"நம்ம கிராமத்துப் பேரையும் போட்டுத் தொலைங்க," என்றேன். "அவுகளுக்குத்தான் தெரிஞ்சுபோச்சே."