கம்பிவலைக்கு அந்தப் பக்கத்துத் தங்கச்சி

என் தங்கச்சிக்கு ஒன்றுமே நினைவில்லை. குனோங் ராபாட்டில் வீடு, வாசலில் கார், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். "ஜெயில்லயா? நானா?" என்று சிரிக்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது. மறந்துபோனாலும் குறையாத அளவுக்கு அம்மாவைத் தனக்கென்றே வைத்திருந்தவள் அவள்.

எழுபதுகளின் நடுவில், லகாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் அப்பா சம்சு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சுவார். போலீஸ் வந்தபோது அம்மா முன்னால் வந்து, "நான்தான் காய்ச்சினேன்" என்றாள். எங்கள் லயத்தில் அதுதான் வழக்கம். ஆம்பிளை உள்ளே போனால் தோட்டத்து வேலையில் பேர் வெட்டிவிடுவார்கள். பேர் போனால் வீடும் போகும்.

அம்மா போனாள். பால் குடிக்கிற பிள்ளை என்று தங்கச்சியும் கூடப் போனாள். எனக்கு ஏழு வயது. பால் மறந்தவளுக்கு உள்ளே இடமில்லை.

மாதத்துக்கு ஒருமுறை அத்தை என்னைக் கூட்டிப்போவாள். ஈப்போவில் பஸ் மாறவேண்டும். அவள் பையில் பால்மாவு, தேங்காயெண்ணெய், பழைய சேலைகளைக் கிழித்து மடித்த துணி.

"எதுக்கு அத்த இவ்ளோ துணி?"

"பொம்பளைங்க இருக்கிற எடம்லா. கேக்காம வா."

அந்தத் துணி அம்மாவுக்கு மட்டுமல்ல என்பது பிறகுதான் புரிந்தது. உள்ளே கிடைப்பது யாருக்கும் பத்தாது. பார்க்க வர ஆளில்லாதவர்களுக்கும் அம்மா பிரித்துக் கொடுப்பாள். பதிலுக்கு அவர்கள் என் தங்கச்சியைத் தூக்கினார்கள். ஒரு மலாய்க்காரப் பெண் அவளுக்குச் சட்டை தைத்தாளாம். ஒரு சீனத்துப் பெண் தாலாட்டுவாளாம். சிறை முழுக்க அவளுக்கு மடி.

சிறையில் ஆள் பார்க்கும் இடத்தில், கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவள் கொழுகொழுவென்று இருந்தாள். அம்மா பேசுவது என்னிடம். கை மட்டும் அவள் முதுகில். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். மேலே போகும், கீழே வரும். என் முதுகு காந்தும்.

ஒரு நாள், காவலுக்கு நின்ற வார்டர் அக்காவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"நானும் காய்ச்சினேன்."

"என்னா காய்ச்சினே?"

"சம்சு."

அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "பெரிய ஆளுதான். அப்ப உள்ள வாரியா?"

"வாரேன்."

"உள்ள டிவி இல்ல, மிட்டாய் இல்ல. பரவாலயா?"

"பரவால."

வலைக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. தங்கச்சியின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுவதற்கும் அவள் தலைதான் கிடைத்தது.

பிறகு தங்கச்சியும் பால் மறந்தாள். மறந்தால் வெளியே. அத்தை போய்க் கூட்டிவந்தாள். இறக்கிவிட்டதும் கிள்ளிவிட வேண்டும் என்று காத்திருந்தேன். கிட்டே போனேன். அவள் மேல் அம்மா வாசம். கழுத்து மடிப்பில், காதுக்குப் பின்னால். கிள்ளப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

"குளிப்பாட்டணும், விடுடி," என்றாள் அத்தை.

"வேணாம்."

"பஸ்ஸு புழுதிலா அவ மேல."

தூக்கிக்கொண்டு ரப்பர் மரங்களுக்குள் ஓடினேன். அத்தை துரத்திப் பிடித்து அவளைக் குளிப்பாட்டினாள். அதன்பிறகு வெறும் சோப்பு வாசம்தான். ஆனால் அந்த ஓட்டத்தில் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டவள் இறங்கவே இல்லை. சாப்பிடுவதும் தூங்குவதும் என்னோடு.

தங்கச்சியைக் கூட்டிவர வேண்டாம், பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்ப என்னால் ஆகாது என்று அம்மா சொல்லிவிட்டாள். ஆக, நான் மட்டும் போய்வந்தேன். வலைக்கு அந்தப் பக்கம் அம்மாவின் மடி காலியாக இருந்தது. பேச்செல்லாம் அவளைப் பற்றித்தான்.

மழை விட்ட ஒரு மத்தியானம், தண்டனை முடிந்து அம்மா வந்தாள். லயத்து வாசலில் பையைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். எனக்கல்ல, என் இடுப்பில் இருந்தவளுக்கு.

தங்கச்சி உற்றுப் பார்த்தாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தங்கம், அம்மாடா."

திரும்பவில்லை. நீட்டிய கை நீட்டியபடி இருக்க, அம்மா என்னைப் பார்த்தாள். பொறாமையின் முகம் எனக்குத் தெரியாததல்ல.

"குடு அவள," என்றாள்.

நான் கொடுக்கவில்லை.