ஜீப்புக்கு ஊஞ்சல் கட்டிய கதை

திருகோணமலைத் துறைமுகத்தில் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை என் மாமா ஏலத்தில் எடுத்து வந்தபோது எனக்கு எட்டு வயது. வெள்ளைக்காரன் ஓட்டிய வண்டி என்ற பெருமையில், அதை அவன் ஏன் விட்டுவிட்டுப் போனான் என்று யோசிக்க மாமாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. சல்லி ஊர்க் கடற்கரையிலிருந்து டவுனுக்கு மீன் ஏற்ற முதலாளி ஒருவரிடம் பேசி முடித்து, கந்தோரில் பார்த்த எழுத்து வேலையையும் விட்டுவிட்டார்.

வெறும் ஜீப் தங்கமான ஜீப். மீன்பெட்டிகளை ஏற்றி மணலில் கிளப்பினால்தான் அதற்குக் கிறுக்குப் பிடிக்கும். பின் அச்சு முறுக்கிக்கொள்ள, அதைத் தாங்கும் தகட்டு வில்லுகள் நெளிய, பின்சில்லுகள் இரண்டும் தவளை மாதிரித் துள்ளும். பெட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கிவிடும். மூன்றாம் நாள் பெரிய சூரை மீன் ஒன்று முதலாளியின் காலில் போய் விழுந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சரிவராவிட்டால் லொறிக்காரனைப் பிடிப்பேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

அச்சிலிருந்து ஜீப்பின் சட்டத்துக்கு ஒரு கம்பி முட்டுக்கொடுத்தால் அச்சு முறுக்காது என்று துறைமுகத்து மெக்கானிக் ஒருவர் மாமாவுக்குச் சொல்லியிருந்தார். அவர் இன்னும் ஏதோ சொல்லியிருப்பார். எதையும் கடைசிவரை கேட்கும் பழக்கம் மாமாவுக்கு இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இரும்புப் பட்டறை வைத்திருந்த கிண்ணியாக்கார நானாவைக் கொண்டு, பக்கத்துக்கு ஒரு கம்பியாக, இரண்டு முனையும் அசையாதபடி உருக்கி ஒட்டுவித்தார். துள்ளல் நின்றது உண்மைதான். ஆனால் வில்லுகளும் மடங்க வழியில்லாமல் விறைத்துவிட்டன. சாம்பல்தீவு வீதியின் முதல் பள்ளத்திலேயே துவக்கு வெடித்தது போல் ஒரு சத்தம் கேட்டது. கம்பி அறுந்து தொங்கியது.

மறுநாள் அதைவிடத் தடித்த கம்பி. அதுவும் வெடித்தது. மாமா இன்னும் தடிப்பாகக் கேட்டார்.

"தம்பி, பட்டறையில இரும்பு முடிஞ்சு போச்சு. இனி என்ட கையத்தான் வெட்டி ஒட்டோணும்" என்றார் நானா.

அகப்பையோடு குசினி வாசலில் நின்ற மாமி, "இவ்வளவு இறுக்கினா உடையாதோ?" என்று மெல்லக் கேட்டார். "உமக்கு இதுகள் விளங்காது" என்றார் மாமா. மாமி போய்த் தையல் மெஷினில் இருந்துகொண்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் மாமி என்னைக் கூப்பிட்டு மெஷினை மிதித்துக் காட்டினார். மிதிபலகையிலிருந்து ஒரு கம்பி மேலே சில்லுக்குப் போகும்.

"இஞ்ச பார். இந்தக் கம்பியின்ர ரெண்டு முனையும் ஆடுறபடியாத்தான் சில்லு சுத்துது. இறுக்கிவிட்டா நான் மிதிக்கேலாது. ஜீப்புக் கம்பியின்ர முன்முனையை ஊஞ்சல் மாதிரி ஆட விடச் சொல்லி மாமாட்டச் சொல்லு. நான் சொன்னதெண்டு சொல்லாதை."

"ஏன் மாமி?"

"நான் சொன்னா இன்னும் தடிப்பா ஒட்டுவார்."

மாமா சகுனக்காரர். அதிலும் சின்னப்பிள்ளை தன்பாட்டில் சொல்லும் வார்த்தை அவருக்குச் சல்லி அம்மாளாச்சியின் அருள்வாக்கு. மழை வராது என்று நான் சொன்னால் குடையை வைத்துவிட்டு நனைந்துகொண்டு வருவார். நான் பட்டறைக்குப் போய், ஒரு கால் தூக்கி நொண்டி விளையாடியபடியே, "மாமா, முன்பக்கத்தை ஊஞ்சலில தொங்கவிடுங்கோ" என்றேன். மாமாவின் கையிலிருந்த ஸ்பனர் கீழே விழுந்தது. "நானா, கேட்டீங்களோ? அம்மாளாச்சி கதைக்கிறா!"

நானா கம்பியின் முன்முனையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு சின்னத் தகடுகளில் துளைபோட்டு, ஆணி கொடுத்து, சட்டத்திலிருந்து தொங்கவிட்டு, அதில் கம்பியைக் கோத்தார். கையால் தட்டினால் முன்னும் பின்னும் ஆடியது; மேலே கீழே அசையவில்லை. ஊஞ்சலேதான்.

வெள்ளிக்கிழமை காலை சல்லிக் கரையில் முதலாளி பாதுகாப்பாகத் தூரத்தில் நின்றார். பன்னிரண்டு பெட்டி ஏற்றியிருந்தது. மாமா அம்மாளாச்சியைக் கூப்பிட்டபடி கிளச்சை விட்டார். ஜீப் துள்ளவில்லை. மணலில் மெதுவாக ஊர்ந்து மேடேறி, வீதிப் பள்ளங்களில் வில்லு மடங்கி நிமிர, டவுன்வரை போனது. ஒரு சின்னச் சாளை மீன்கூட விழவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமி காட்டித் தந்ததை அதற்குள் பாதி மறந்து, எல்லாம் என் மூளைதான் என்று நம்பத் தொடங்கியிருந்தேன்.

பின்னேரம் மாமா எங்களை அதே ஜீப்பில் சல்லி அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பூசாரியார் தட்டை வாங்கி, அர்ச்சனை யாருக்கு என்று கேட்டார். மாமா என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். பிறகு ஜீப்பின் நம்பரைச் சொன்னார். யோசித்துவிட்டு, அதை வாங்கிய நாளின் நட்சத்திரத்தையும் சொன்னார்.

"வேற ஆருக்கும் செய்யோணுமோ?" என்று பூசாரியார் கேட்டார்.

"வேற ஒருத்தருக்குமில்லை" என்றார் மாமா.

பக்கத்தில் மாமி கைகூப்பி நின்றார். என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். தன் பெயரையோ நட்சத்திரத்தையோ சொல்லாமல் அவர் கண்ணை மூடிக்கொண்டார். இவ்வளவு பெரிய ஆளாகியும் மாமிக்குத் தன் நட்சத்திரம் தெரியவில்லையே, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.