அந்த மூன்று விநாடியை நான் எடுக்கவில்லை

போன வருஷம் ஆவணி மாதம் ஒரு காலை நேரம், ஆலங்குடியில் ஒரு அம்மன் கோவில் வாசலில் நடந்தது இது.

புதுக்கோட்டையில், பழைய டீசல் லோடு ஆட்டோக்களைப் பேட்டரியில் ஓடும்படி மாற்றித் தரும் சின்னப் பட்டறையில் எனக்கு வேலை. வண்டி கிளம்பும் சர்க்யூட்டைப் போடுவது நான்தான். சாவியைத் திருப்பியதும் மொத்த கரண்டும் ஒரே அடியாகப் பாயாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, மூன்று விநாடி கழித்துத்தான் பெரிய சுவிட்ச் சேரும். அப்போது யாராவது ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பிடித்திருந்தால் சேரவே சேராது. பீப் பீப் என்று கத்தும்.

ஆலங்குடித் தேங்காய் வியாபாரி ஒருவர் தன் வண்டியைப் பார்க்க வந்தார். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஓட்டிக் காட்டினோம்.

"சாவியப் போட்டா ஒடனே கெளம்ப வேணாமாங்க? என்னமோ யோசிச்சுக்கிட்டு நிக்கிது!" என்றார்.

அவர் போனதும் முதலாளி, "அதத் தூக்கிட்டு நேரா கனெக்சன் குடும்மா" என்றார். ஏன் கூடாது என்று விளக்கினேன். "நீ படிச்சதையெல்லாம் பரீச்சையில எழுது. இங்க சொன்னதச் செய்யி."

"சரிங்க சார்" என்று தலையை ஆட்டினேன். ஆனால் ஒரு ஒயரைக்கூடத் தொடவில்லை. என்ன ஆகிவிடும், பார்ப்போமே!

பூஜை போட்டபின்தான் சக்கரம் தரையில் உருள வேண்டும் என்று வியாபாரி சொல்லியிருந்ததால், வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்க் கோவில் வாசலில் இறக்கினோம். மாலை, சந்தனம், மூன்று சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். நல்ல நேரம் முடியப் போகிறது என்று ஆளாளுக்குப் பறந்தார்கள். வியாபாரி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். பீப் பீப் என்ற சத்தம்தான் வந்தது. வண்டி அசையவில்லை.

"அட, நல்ல நேரத்துல மக்கர் பண்ணுதே!" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

முதலாளி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "எடுக்கச் சொன்னேன்ல, எடுத்தியா இல்லையா?"

"எடுக்கல சார்."

"அப்ப நாளையிலேருந்து வேலைக்கு வராத!"

அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். என் சம்பளத்தில்தான் வீடே நடக்கிறது. ஆனாலும் நான் தலை குனியவில்லை.

அப்போதுதான் வண்டிக்கு முன்னாலிருந்து வியாபாரியின் மனைவி எழுந்தார். உருண்டுபோன எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்துக்கு அடியில் திரும்ப வைக்கக் குனிந்திருந்தாராம். எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

"அந்தப் புள்ளைய ஏங்க வையிறீங்க? எங்கையி சக்கரத்துக்கு அடியில கெடந்துச்சு. இந்த மனுசன் பாருங்க, இன்னமும் முறுக்கிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு!"

டீசல் வண்டியில் முறுக்கிக்கொண்டே ஸ்டார்ட் பண்ணிய பழக்கம். வியாபாரி திடுக்கிட்டுக் கையை எடுத்தார். அந்த அம்மா நகர்ந்ததும் மறுபடி சாவியைத் திருப்பினார். மூன்று விநாடி கழித்து வண்டி பழங்களை நசுக்கிக்கொண்டு ஜம்மென்று கிளம்பியது.

திரும்பும் பஸ்ஸில், இறங்குவதற்குச் சற்று முன், "நாளைக்கு ஒம்போதுக்கே வந்துரும்மா" என்றார் முதலாளி. மன்னிப்பெல்லாம் கிடையாது. எனக்கும் அது தேவைப்படவில்லை.

உறுத்தியது வேறு. நான் தலையாட்டியதை நம்பாமல் அவர் வேறொருவரை விட்டு அதைப் பிடுங்கியிருந்தால், அந்த அம்மாவின் கை என்ன ஆகியிருக்கும்? மறைத்ததால்தான், ஆக்சிலரேட்டரை முறுக்காதீர்கள் என்று வியாபாரியிடம்கூடச் சொல்ல முடியாமல் போனது. அன்றோடு சரிங்க சார் என்று சொல்லிவிட்டு மறைத்துச் செய்வதை விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் யாராக இருந்தாலும் முகத்துக்கு நேராகவே முடியாது என்கிறேன்.