சாம்பல் பெட்டியில் கேட்ட விளி

எங்கள் பட்டறை கொச்சியில், கொச்சங்காடியில் இருந்தது. அதற்கு முன் அது இஞ்சிக் கிடங்கு. எத்தனை வெல்டிங் புகை ஏறினாலும் சுவரில் இஞ்சி மணம் போகவே இல்லை. என் வீட்டுக்காரர் அங்கே வெல்டர். தேய்ந்த இரும்பைச் சூடாக்கி, உலோகப் பொடியைத் தீ வழியாகத் தூவி உருக்கி, அதன்மேல் கெட்டியான புதுத்தோல் ஏற்றுவார். எண்ணெய் மில்லின் திருகு வரும். மீன்பிடி போட்டின் அடியில், தண்ணீருக்குள் விசிறியைச் சுழற்றுகிற ஷாஃப்ட் வரும். எழுபதுகளின் கடைசியில் இறால் நிறையக் கிடைத்த காலம், ஷாஃப்ட்தான் அதிகம்.

பொடி டப்பாக்களில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருக்கும். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். அந்தப் பெயர்கள் எங்களில் யாருக்கும் தேவைப்படவில்லை. முதலில் தூவி இரும்போடு ஒட்டவைப்பது பிடிபொடி. தேய்மானம் தாங்க அதன்மேல் ஏற்றுவது கட்டிப்பொடி. பார்வைக்கு இரண்டும் ஒரே சாம்பல் நிறம். ஈரம் பட்டால் பொடி கெட்டது. இந்த ஊரிலோ ஈரம் படாத பொருளே கிடையாது. அதனால் ரவை வறுப்பதுபோல் இரும்புச் சட்டியில் போட்டுக் காயவைத்துச் சலித்துக் கொடுப்பேன். அதுதான் எனக்குக் கிடைத்த வேலை.

குறைகளுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். ஏற்றிய தோலில் பொட்டுப் பொட்டாகத் துளை விழுந்தால் அம்மை. பெயர்ந்து வந்தால் உரிப்பு. விரிசல் விட்டால் விளி. மலையாளத்தில் விளி என்றால் கூப்பிடுவது. விரிசல் விடும்போது இரும்பு ‘டிக்’கென்று சத்தம் போடும், அதனால் அந்தப் பெயர்.

தோல் ஏற்றிய இரும்பு சட்டென்று ஆறினால் விளி விழும். அதற்காக ஆள் நீளத்துக்கு ஒரு தகரப் பெட்டி வைத்து, நிறையச் சாம்பலும் சுண்ணாம்புத் தூளும் கொட்டியிருந்தார்கள். சிவக்கச் சிவக்க ஷாஃப்டை அதில் இறக்கி மூடிவிடுவார்கள். அது ஆறுகிறவரை பட்டறையில் சுத்தியல் சத்தம் கூடாது, ரேடியோ கூடாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து காது கொடுக்க வேண்டும். வாயைத் திறக்காதவள் என்று என்னை உட்கார வைத்தார்கள். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. யாரோடும் பேச வேண்டாம்.

என் தம்பி வலை இழுக்கப் போகிற போட்டின் ஷாஃப்ட் ஒருநாள் வந்தது. அம்மா போன பிறகு என் கையில் வளர்ந்தவன் அவன். சுள்ளிக்கல்லில் வாடகைக்கு இருந்தான், அந்த வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. பொடியை இரண்டு தடவை காயவைத்தேன்.

பெட்டியை மூடினார்கள். மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், சாம்பலுக்குள்ளிருந்து ஒரு சத்தம். ஒரே ஒரு சத்தம். நகத்தால் பல்லைத் தட்டுவது போல.

எல்லாரும் திரும்பி வந்தபோது போட்டின் மொதலாளியும் அவசரத்தில் வந்து நின்றிருந்தார். நன்றாக ஆறும் முன்னே ஷாஃப்டை வெளியே எடுக்கச் சொன்னார். நான் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்து, “விளிச்சுது” என்றேன்.

“எத்தனை தடவ?”

“ஒரு தடவதான்.”

வெளியே எடுத்துச் சூடு தணிந்ததும் அவர் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சுண்ணாம்புத் தூள் பூசினார். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் ஊறி, வெள்ளையில் கறுப்புக் கோடாக வரும். வெகுநேரம் பார்த்தோம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

மொதலாளி சிரித்தார். “இவளு மிண்டுந்நது ஞான் கேட்டிட்டில்ல. பின்னெயாணோ இரும்பு மிண்டுந்நது!” என் குரலையே அவர் கேட்டதில்லையாம், இரும்பு பேசுமா என்றார். நான் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு சட்டியைத் தேய்க்கப் போனேன். ஷாஃப்ட் போயிற்று.

மறுநாள் அதை மாட்டிவிட்டார்கள், விடிந்தால் கடல் என்று சொன்னார்கள். அன்று பெட்டி காலி. சாம்பல் கையில் ஜில்லென்றிருந்தது. நான் பொடி சலித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம், அதே நேரத்தில், பெட்டி ‘டிக்’கென்றது.

சல்லடையை நிறுத்தினேன். தகரம் வெயிலில் விரிந்திருக்கும் என்று என்னையே சமாதானம் பண்ணிக்கொண்டேன். ஆனால் அந்த மூலையில் வெயில் விழாது. மறுபடியும் கேட்டது. சாம்பலுக்குள் ஒரு சின்னக் குழி தானாக விழுந்து அடங்கியது.

சுள்ளிக்கல்லுக்கு எப்படிப் போனேன் என்றே நினைவில்லை. தம்பி சோற்றில் கை வைத்திருந்தான்.

“அக்கா, கை கழுவிட்டு வரேன். நீ ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்க?”

“சாப்பாடு கிடக்கட்டும். காலிப் பெட்டி விளிக்குது, வந்து கேளு.”

“காலிப் பெட்டியையா? ஊரு சிரிக்கும்.” சிரித்துக்கொண்டேதான் வந்தான். பெட்டியின் தகரத்தில் காதை வைத்தான். சிரிப்பு முகத்திலேயே நின்றது. பிறகு மெல்ல எழுந்து, காதைத் துடைத்துக்கொண்டான், தண்ணீர் புகுந்தவன் மாதிரி.

“நான் போகல” என்றான்.

போட் அவனில்லாமல் போயிற்று. அவன் இடத்தில் யாரையும் ஏற்றவில்லை. ஓர் ஆள் குறைவாகவே போனார்கள். அந்த நாட்களில் அவன் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. பெண்டாட்டிக்குக் காய்ச்சலா என்று விசாரிக்கிற சாக்கில் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரர் என்னிடம், “இனி நீ பெட்டி பக்கம் உக்கார வேண்டாம்” என்றார். கோபமா பயமா, தெரியவில்லை.

போட் திரும்பி வந்தது. பத்திரமாக, பெட்டி பெட்டியாக இறாலோடு. தம்பிக்குப் போக மனமில்லை; நான்தான் தோப்பும்படியில் போட் கட்டுகிற ஜெட்டிக்குக் கூட்டிப் போனேன், பார்த்தால் பயம் தெளியும் என்று. மேல்தட்டில் நின்றவன் கூவினான்: “எடா, நின்றெ அக்கன்றெ இரும்பு வந்நூ!” உன் அக்காவின் இரும்பு வந்தாச்சு என்று எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்துக் கயிற்றைப் பிடித்துக் கட்டினான்.

எஞ்சினை நிறுத்தினார்கள்.

அந்த அமைதியில், போட்டின் அடியில், தண்ணீருக்குள்ளிருந்து, அது விளித்தது. ஒரு தடவை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை.

இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது. கூவியவன் வாயை மூடினான். மொதலாளி என் பக்கம் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. பணிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் ஜெட்டிக்கு இறங்கினார்கள். இறாலை யாரும் இறக்கவில்லை. ஐஸ் உருகி, தட்டில் வழிந்து, காயலில் சொட்டிக்கொண்டிருந்தது. தம்பி கட்டிய கயிற்றை விட்டுவிட்டு, கையை என் சேலையில் துடைத்தான்.