அண்ணி ஓட்டிப் பார்த்த வண்டி

அண்ணன் சிங்கப்பூரில் ஒரு பைக் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்சக்கரத்தை மட்டும் கையில் தூக்கிக்கொண்டு ஒரு பெண் கடைக்குள் வந்தாராம்.

"வண்டி எங்கங்க?" என்று அண்ணன் கேட்டிருக்கிறார்.

"வண்டி வீட்டுல இருக்கு. டயர மட்டும் மாத்திக் குடுங்க. சக்கரத்த நானே மாட்டிக்குவேன்."

பேச்சைக் கேட்டதும் எந்த ஊர் என்று விசாரித்ததில் சீர்காழி என்று தெரிந்தது. சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ் வேலை. விடுமுறை கிடைத்தால் பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்குப் போய், அங்கே இருக்கும் பந்தயத் தடத்தில் நாள் முழுக்க வண்டி ஓட்டிவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுவார். அந்தப் பெண்தான் பிற்பாடு எனக்கு அண்ணியாக வந்தார்.

கல்யாணத்துக்கு முதலில் இரண்டு பக்கமும் தயங்கினார்கள். அவர்களுடையது லுத்தரன் சபைக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா, சித்தப்பா எல்லாரும் வாத்தியார்கள். நாங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போய்ப் பிழைத்தவர்கள். அண்ணன் ஐ.டி.ஐ. முடித்துக் கப்பலேறிய பிறகுதான் எங்களுக்கென்று கொஞ்சம் நிலம் வந்தது, நானும் இன்ஜினியரிங் படித்தேன். அண்ணி ரொம்பப் பேசவில்லை. தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் அம்மா போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "எப்ப வச்சுக்கலாம், நீங்களே சொல்லுங்க" என்று கேட்டார். அவ்வளவுதான். கல்யாணம் முடிவாகிவிட்டது.

அண்ணனுக்குச் சிங்கப்பூர் வேலை பெர்மிட் முடிந்ததும் இருவரும் ஊர் திரும்பினார்கள். அண்ணி தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தார். ரயிலுக்கு வசதி என்று நீடாமங்கலத்தில் குடியிருந்தார்கள். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், ஓடாமல் கிடந்த ரைஸ் மில்லின் குடோனைப் பிடித்து அண்ணன் ஒர்க்‌ஷாப் போட்டார். நான் அப்போது தஞ்சாவூரில் வங்கிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் யு.பி.எஸ். பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கே போய்விடுவேன்.

அப்படி ஒரு ஞாயிறு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணன் ஒரு போட்டியைப் பற்றிச் சொன்னார். வீட்டிலேயே செய்த பந்தய வண்டிகளுக்கான போட்டி. பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் இரண்டும் ஒரே வண்டியில் இருக்க வேண்டும். பெரும்பாலும் கல்லூரிக் குழுக்கள்தான் வரும், ஆனால் யார் வேண்டுமானாலும் சேரலாம்.

"இன்ஜின் வேலை எனக்குத் தெரியும். கரண்டு வேலை பாப்பாவுக்குத் தெரியும்" என்று என்னைக் காட்டினார்.

"ஓட்டுறது?" என்று கேட்டேன்.

அண்ணி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஓட்டுறதுக்கு ஆளு இல்லாமயா இந்தப் பேச்சு ஆரம்பிச்சிருக்காரு?" என்றார்.

வண்டி உருவாக ஒரு குறுவையும் ஒரு சம்பாவும் ஆனது. பழைய பைக் ஒன்றின் இன்ஜினை எடுத்துக்கொண்டு, சட்டத்தை அண்ணனே குழாய் வளைத்து வெல்டிங் வைத்தார். பின்சக்கரத்துக்கு எப்போதும்போல இன்ஜினிலிருந்து சங்கிலி. முன்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார். விபத்தில் நசுங்கிய மின்ஸ்கூட்டர் ஒன்றின் பேட்டரியைப் பிரித்து, நல்ல செல்களாகப் பொறுக்கி நான் ஒரு பெட்டியில் அடுக்கினேன். கைப்பிடியைத் திருகினால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். ஒன்றை நிறுத்தினாலும் மற்றது ஓட, தனித்தனி சுவிட்ச் வைத்தோம்.

அண்ணி டியூட்டி முடிந்து ரயிலில் இறங்கி, நேராகக் குடோனுக்கு வருவார். சேலையை மாற்றி பேண்ட் போட்டுக்கொண்டு, பாதி முடிந்த சட்டத்தில் ஏறிக் குனிந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். மலேசியத் தடத்தின் வளைவுகளை ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று தோள் அசைவதைப் பார்த்தால் தெரியும். பிறகு கண்ணைத் திறந்து, "வலது முட்டி இடிக்குதுங்க" என்பார். அண்ணன் மறுபேச்சில்லாமல் வெல்டிங்கை அறுப்பார். அந்த இடத்தை எத்தனை முறை அறுத்து ஒட்டினார் என்று எனக்கே மறந்துவிட்டது. ஒருமுறைகூட அண்ணி பரவாயில்லை என்று விட்டுக்கொடுக்கவில்லை. ஒருமுறைகூட அண்ணன் முகம் சுளிக்கவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு முன் புருஷன் பெண்டாட்டி அப்படிப் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

முதல் ஓட்டம் ஊருக்கு வெளியே, இன்னும் திறக்காத புதிய பைபாஸ் ரோட்டில். அறுப்பு முடிந்த நேரம். நல்ல ரோட்டைக் கண்டதும் ஜனங்கள் அதில் நெல்லைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். அண்ணன் போய்க் கேட்டதும், நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த ஓர் அம்மா ஒரு பக்கத்தைக் கையால் காட்டினார்.

"அந்தாண்ட சும்மாதான் கெடக்கு. ஓட்டிக்குங்க. நெல்லு மேல மட்டும் ஏத்திராதீங்க."

அண்ணி ஹெல்மெட்டோடு ஏறி உட்கார்ந்ததும், "பொம்பளப் புள்ளையா ஓட்டப்போவுது?" என்று துழாவுவதை நிறுத்திவிட்டு நின்றார். அண்ணி போய்த் திரும்பி வரும்வரை அவர் நெல்லைத் தொடவேயில்லை. திரும்பி வந்ததும், "இன்னொரு வாட்டி போம்மா" என்றார்.

நேர் ரோட்டில் வண்டி நன்றாகவே ஓடியது. ஆனால் பந்தய வண்டியின் யோக்கியதை வளைவில்தான் தெரியும். வளைவுக்கு எங்கள் பக்கம் எங்கே போவது? பாசன வாய்க்காலோடு வளைந்து போகிற ரோடுகளில் எருமை எப்போது குறுக்கே வரும் என்று சொல்ல முடியாது. அதனால் சென்னைக்கு அப்பால் உள்ள பந்தயத் தடத்தில், வெளியாட்களை ஓட்டவிடுகிற ஒரு நாளுக்குப் பதிவு செய்தோம். லோடு ஆட்டோவில் வண்டியை ஏற்றி, முன்பக்கத்தைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு போனோம்.

அங்கே நின்றிருந்தவை பெரும்பாலும் வெளிநாட்டு வண்டிகள். நடுவில் எங்களுடையது பெயிண்ட் கூட முழுசாக அடிக்காமல் நின்றது. பரிசோதித்த அதிகாரி பேட்டரிப் பெட்டியைப் பிடித்து ஆட்டினார். பெட்டி அசையவில்லை, வண்டி மொத்தமும் அசைந்தது. சிரித்துக்கொண்டே அனுமதி ஸ்டிக்கரை ஒட்டினார்.

முதலில் இன்ஜினை மட்டும் வைத்து ஓட்டினார் அண்ணி. திரும்பி வந்து, பின் பிரேக் கொஞ்சம் சீக்கிரம் பிடிக்கிறது என்றார். அண்ணன் தளர்த்தினார். அடுத்து மோட்டாரையும் போட்டுக்கொண்டு போனார். ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில், எங்களுக்கு எதிரே இருந்த வளைவிலிருந்து நிமிரும்போது வண்டி ஒரு கணம் தலையை உதறியது எனக்கே தெரிந்தது. அண்ணி உடனே இடது கையை மேலே தூக்கிக்கொண்டு, ஓரமாக மெதுவாக உள்ளே வந்தார்.

"வளைவு முடிஞ்சு முறுக்குறப்ப முன்சக்கரம் வெட்டி வெட்டி இழுக்குது. நேர்ல இல்ல. பிரேக் புடிக்கிறப்பவும் இல்ல. முறுக்குறப்ப மட்டும்."

லேப்டாப்பை மோட்டாரோடு இணைத்துப் பார்த்தேன். சக்கரம் எங்கே இருக்கிறது என்று மோட்டாருக்குச் சொல்லும் சிக்னல் அந்த இடங்களில் விட்டுவிட்டு வந்திருந்தது. ஏன் என்பது மட்டும் புரியவில்லை. நிற்கிற வண்டியில் எல்லாம் சரியாக இருந்தது.

"முறுக்குறப்ப என்ன ஆவும்?" என்று அண்ணன் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். "முன்பக்கம் மேல எழும்பும்."

அவர் கைப்பிடியைப் பிடித்து முன்பக்கத்தைத் தூக்கினார். முன் ஷாக் அப்சார்பர் நீண்டது. அண்ணி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "பாப்பா, இங்க பாரு" என்றார். சக்கரத்துக்குப் போகும் ஒயர் வீணைக் கம்பி மாதிரி விறைத்து நின்றது. லோடு ஆட்டோவில் இறுக்கிக் கட்டிய கயிறு, ஒயரைப் பிடித்திருந்த கட்டுகளை மேலே தள்ளியிருக்கிறது. ஷாக் முழுசாக நீளும்போது ஒயர் போதாமல் இணைப்பைப் பிடுங்கியிருக்கிறது. கட்டுகளை அறுத்து, ஒயரைத் தாராளமாக விட்டு, இணைப்பை மாற்றிப் புதிதாகக் கட்டினேன். அண்ணன் திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்த்தார். சிக்னல் விடவில்லை.

ஆனாலும் அண்ணன் முகம் தெளியவில்லை. "இன்னைக்குப் போதும். ஒரு ஒயரு இப்படி இருந்தா இன்னும் என்னென்ன இருக்கோ. ஊருக்குப் போயி எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துட்டு வரலாம்."

அண்ணி கையுறையைக் கழற்றாமல் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"எனக்குப் பயமில்லன்னு நெனைக்காதீங்க. பயந்துதான் கையத் தூக்கிக்கிட்டு உள்ள வந்தேன். இந்த வாட்டியும் பயமா இருந்தா வந்துருவேன். அத என்கிட்ட விடுங்க."

அண்ணன் அவரைப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டின் கொக்கியைத் தானே மாட்டிவிட்டார்.

அந்தக் கடைசி ஓட்டத்தை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். முதல் சுற்றில் அண்ணி அவசரப்படவேயில்லை. தலையை உதறிய வளைவில் வேண்டுமென்றே மெதுவாக நுழைந்து, மெதுவாக முறுக்கிப் பார்த்தார். அடுத்த சுற்றில் அதைவிடக் கொஞ்சம் அதிகம். அதற்கடுத்த சுற்றில்தான் வண்டியை முழுசாகச் சாய்த்தார். முட்டி தரையைத் தொடுகிற மாதிரி சாய்ந்து, நிமிர்ந்து, இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்து இழுக்க, முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு சிவப்பு வெளிநாட்டு வண்டியை வளைவு முடிகிற இடத்தில் தாண்டினார். நேர் ரோட்டில் அந்த வண்டி பெரிய இன்ஜினின் பலத்தால் மறுபடியும் முந்திக்கொண்டு போனது. அடுத்த வளைவில் அண்ணி மறுபடியும் தாண்டினார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அண்ணன் கத்தவில்லை. அவர் கண்ணை மூடி இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதனால்தான் அவருக்கு முதலில் தெரிந்தது. தடத்தின் மறுகோடியில், எங்கள் பார்வைக்குப் படாத இடத்தில், இன்ஜின் ஒரு விநாடி கட்டுமீறி அலறியது. பிறகு நின்றுபோனது.

"அறுந்துடுச்சு" என்றார் அண்ணன். ஓட ஆரம்பித்தார். சங்கிலி அறுந்து பின்சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். நானும் வேலியோரமாகவே ஓடினேன். சிவப்பு வண்டி எங்களைக் கடந்து போனது. வேறு இரண்டு வண்டிகளும் போயின. அவற்றின் சத்தம் அடங்கியதும் அங்கே எதுவுமே கேட்கவில்லை.

கடைசி வளைவின் ஓரத்தில் அண்ணி வந்தார். சத்தமே இல்லை. இடது கையை உயரத் தூக்கியபடி, வெள்ளைக் கோட்டை ஒட்டி, சைக்கிளில் வருகிற மாதிரி சீராக வந்தார். சங்கிலி போன உடனே இன்ஜினை நிறுத்திவிட்டு, முன்சக்கர மோட்டாரை மட்டும் வைத்து மீதித் தடத்தையும் சுற்றி வந்திருக்கிறார். மற்ற வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கை தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

அண்ணி எங்கள் முன்னால் நின்று ஹெல்மெட்டைத் தூக்கியதும் சொன்ன முதல் வார்த்தை எங்களுக்கானதல்ல. கொடி வைத்திருந்த ஊழியரைக் கூப்பிட்டு, "சங்கிலி அங்க தடத்துலயே கெடக்குங்க, ரெண்டாவது வளைவு தாண்டி உள்பக்கம். பின்னாடி வர்றவங்க ஏறிடப் போறாங்க. மொதல்ல அத எடுக்கச் சொல்லுங்க" என்றார். மஞ்சள் கொடி அசைந்தபிறகுதான் வண்டியிலிருந்து இறங்கினார்.

அண்ணன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணி அவர் தலையில் கைவைத்து, "ஒன்னும் ஆவலங்க. வளைவுல நல்லாப் போவுது உங்க வண்டி" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உன் பெட்டிதான்டி என்னயக் கொண்டாந்து சேத்துச்சு" என்றார். அதுவரை அவர் என்னை 'டி' போட்டுப் பேசியதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் வழக்கம்போல காலை ரயிலைப் பிடித்து டியூட்டிக்குப் போனார். வார்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. நான்தான் யு.பி.எஸ். பார்க்கப் போன இடத்திலெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

போட்டியில் நாங்கள் ஜெயிக்கவில்லை. கனமான சங்கிலி போட்டு, சட்டத்தைச் சில இடங்களில் பலப்படுத்திக்கொண்டு போனோம். நேர் ரோட்டில் வேகம் பத்தாமல் நடுவாந்தரமாக ஓர் இடம் கிடைத்தது. ஆனால் வளைவுகளில் அண்ணியைத் தாண்ட யாராலும் முடியவில்லை என்று ஜெயித்த பையன்களே வந்து சொன்னார்கள். சீர்காழியிலிருந்து அவர் அப்பா வந்திருந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார், வெள்ளைச் சட்டையில் வெயிலில் நின்று கடைசிவரை பார்த்தார். பரிசு கிடைக்காததைப் பற்றி அவர் கேட்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்து, இருக்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வலது பக்கம் முட்டிக்கு எடம் பத்துதாம்மா?" என்று கேட்டார்.

"பத்துதுப்பா" என்றார் அண்ணி. அண்ணன் சத்தம் போட்டுச் சிரித்தார்.